பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், அண்ணே

நீடாமங்கலத்துப் பக்கமிருந்து வந்த அண்ணனுக்கு,

நேற்று நீங்களும் அண்ணியும் வந்தபோது பையில் நிலப் பத்திர நகல் இருந்தது. பிள்ளைக்கு நீட் மதிப்பெண் இரண்டாம் முறையும் போதவில்லை, வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடு என்று மச்சான் நெருக்குகிறார். பயப்படாதீங்க என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அது போதாது. நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். அங்கே படித்து வந்தாலும் இங்கே தகுதித் தேர்வில் தேறினால்தான் வைத்தியம் பார்க்க முடியும். தேறும்வரை வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

நாம் பேசிய நேரமெல்லாம் பிள்ளை ஒரு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தேன். போன சம்பாவில் நுனியிலிருந்து ஓரம் மஞ்சளாகிக் காய்ந்த நெல் இலைகளை ஒட்டித் தேதி போட்டிருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் பைத்தான் எனும் கணினி மொழியில் அவளே எழுதிய எட்டு வரி நிரல். இவளுக்கான படிப்பு பயோஇன்பர்மேட்டிக்ஸ், அதாவது உயிரியல் தகவல்களைக் கணினியால் ஆராயும் படிப்பு.

ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் ஒரு மதகு உண்டு, புரோமோட்டர் என்பார்கள். டி.என்.ஏ.வை A, T, G, C என்ற எழுத்துகளால் எழுதுவார்கள். மதகு எப்போது, எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை அதிலுள்ள சின்னச் சின்ன எழுத்துக்கோவைகள் தீர்மானிக்கின்றன. அவள் ஒட்டியிருப்பதுபோல் இலையைக் காயவைக்கும் இலைக்கருகல் நோயின் பாக்டீரியா தன் புரதத்தைச் செல்லுக்குள் செலுத்தி, ‘ஸ்வீட்’ எனும் மரபணுக்களின் மதகைத் திறந்து சர்க்கரையை வடித்துக்கொள்கிறது. அந்தப் புரதம் பிடிக்கும் இடத்தில் சில எழுத்துகளை மாற்றி, நோய் தாங்கும் நெல்லை 2019இல் ஆய்வாளர்கள் உருவாக்கிக் காட்டினார்கள்.

எந்த இடம் என்று தேடுவது கணினி வேலை. இருப்பது நான்கே எழுத்து. குறிப்பிட்ட ஓர் ஆறெழுத்துக் கோவை தற்செயலாகவே சுமார் 4,096 எழுத்துக்கு ஒருமுறை வந்துவிடும். நெல்லுக்கோ ஏறக்குறைய 39 கோடி எழுத்து. நிஜக் குறி எது, தற்செயல் எது என்று பிரிக்கப் புள்ளியியல் வேண்டும். கணக்கு பிடிக்காத பிள்ளைகளுக்கு இதை நான் சொல்வதே இல்லை.

செலவில் கறாராக இருங்கள். நெல்லின் மரபு வரிசை இணையத்தில் இலவசம். சுமாரான லேப்டாப் போதும். தனியாரில் பெரிய கட்டணம் கட்ட வேண்டாம். அரசுக் கல்லூரியில் தாவரவியல் பி.எஸ்சி. படித்துக்கொண்டே நிரலும் புள்ளியியலும் கற்கட்டும். பிறகு நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. இளநிலையோடு நிறுத்தினால் பயனில்லை, அதை இப்போதே மனதில் வையுங்கள்.

மச்சானிடம் நான் பேசுகிறேன். அதற்குள் பிள்ளை ஒரு நெல் மரபணுவுக்கு முன்னுள்ள ஆயிரம் எழுத்தை இறக்கி, ‘டாட்டா பாக்ஸ்’ (TATA என்று தொடங்கும் ஒரு புரோமோட்டர் எழுத்துக்கோவை) இருக்கிறதா என்று தன் நிரலிலேயே தேடட்டும். எல்லா மரபணுவிலும் இருக்காது. கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்க்கிறாளா என்று கவனியுங்கள். இரண்டு வாரம் கழித்து அவளை அழைத்து வாருங்கள்.