தோட்டம் கேள்வி-பதில்: ரனன்குலஸ் கிழங்கு ஏன் அழுகுகிறது?

ஊட்டி மலர்க் கண்காட்சியில் பார்த்த, ரோஜா மாதிரி அடுக்கடுக்காக இதழ் விரியும் ரனன்குலஸ் பூ மேல் ஆசைப்பட்டு, கிழங்கு வரவழைத்தேன். ராத்திரி முழுக்க ஊறவைத்து நட்டும் பாதிக்கு மேல் கூழாகிவிட்டது. என்ன காரணம் அக்கா?
- வாசகி, கோத்தகிரி

ராத்திரி முழுக்க ஊறவைத்ததுதான் காரணம். காய்ந்த கிழங்கு, சிலந்திக் கால்களைச் சேர்த்துக் கட்டியதுபோல் சுருங்கிக் கிடக்கும். குளிர்ந்த தண்ணீரில் 3, 4 மணி நேரம் போதும். கால்கள் கொழுகொழுவென்று ஏறக்குறைய இருமடங்காகப் பருத்துவிடும். உடனே எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் தண்ணீரில் கிடந்தால் மூச்சு முட்டி அழுகும்.

கால்கள் கீழே, பொடி ரோமம் படர்ந்த கொண்டை மேலே இருக்கும்படி 2 அங்குல ஆழத்தில் நடுங்கள். செம்மண்ணோடு மணலும் மட்கிய இலையுரமும் தாராளமாகக் கலந்திருக்கட்டும். நட்டதும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். அப்புறம் முளை தெரியும்வரை மறுபடி தண்ணீர் ஊற்றக் கை பரபரக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்! விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் ஊற்றலாம்.

உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். அது ஓய்ந்து மார்கழியில் நட்டால், சுமார் 3 மாதத்தில் மொட்டு வரும். உறைபனி விழும் இரவுகளில் ஒரு பழைய சாக்கைப் போர்த்திவிடுங்கள். குவளையில் வைக்க நினைத்தால், நிறம் காட்டும் மொட்டை இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். மெத்தென்று அமுங்கினால் அன்று காலையிலேயே நறுக்கலாம். ஒரு வாரம் அடுக்கடுக்காக விரிந்துகொண்டே இருக்கும். அந்த அழகுக்காகவே இவ்வளவு பாடும் படலாம்! செடியின் சாறு பட்டால் தோல் எரியும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆடு, மாடு வாய் வைக்கவும் விடாதீர்கள்.

பூ முடிந்து இலை பழுத்ததும் தண்ணீரை நிறுத்தி, கிழங்கைத் தோண்டி, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமாக வையுங்கள்.

கோவையில் மொட்டை மாடியில் வளருமா?
- வாசகர், கோயம்புத்தூர்

மனசு கஷ்டமாக இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன்: சிரமம்தான். இதற்குப் பிடித்தது 10 முதல் 20 டிகிரி. வெயிலில் தொட்டி சூடானால் செடி தூங்கப் போய்விடும். ஆசை விடவில்லை என்றால், கார்த்திகைக் கடைசியில் ஊறவைத்த கிழங்கை ஈரத் தேங்காய் நார்த்தூளில் புதைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் சுமார் இரண்டு வாரம் வையுங்கள். வெள்ளை வேர் எட்டிப் பார்த்ததும், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் மண்தொட்டியில் நடுங்கள். முதல் தடவை ஐந்தாறு கிழங்குக்கு மேல் வாங்க வேண்டாம்.