முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரை வரைந்த ஓவியங்களில் அவர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் எப்படி வந்தது? ஐரோப்பியர்களைப் பார்த்து வரைந்ததா?

ஆமாம், ஆனால் வெறும் நகல் என்று சொல்லிவிட முடியாது. ஒளிவட்டம் ஆசியாவுக்குப் புதிதல்ல. புத்தர் சிலைகளிலேயே உண்டு. முகலாய ஓவியர்கள் அதை அரசருக்கு உரிய அடையாளமாக்கத் தூண்டியது ஐரோப்பிய அச்சுப் படங்கள்.

1580-இல் கோவாவிலிருந்து ஃபதேபூர் சிக்ரிக்கு வந்த இயேசு சபையினர் (கத்தோலிக்கத் துறவியர்), ஆன்ட்வெர்ப்பில் அச்சான பன்மொழி விவிலியத்தை அக்பருக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்த செதுக்குப் படங்களை அரண்மனை ஓவியர்கள் கூர்ந்து படித்தார்கள்.

அப்புறம் ஜஹாங்கீர் காலம். பிசித்ர் வரைந்த ஓர் ஓவியத்தை அவசியம் பாருங்கள். பேரரசர் மணற்கடிகையின் மேல் அமர்ந்திருக்கிறார். பின்னால் சூரியனும் பிறையும் சேர்ந்த பெரிய ஒளிவட்டம். ஐரோப்பியப் பாணியில் சிறகு முளைத்த குழந்தைகள் வேறு. பேரரசர் புத்தகத்தை நீட்டுவது ஒரு சூஃபிப் பெரியவருக்கு. ஓட்டோமான் சுல்தானும் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸும் கீழே காத்து நிற்கிறார்கள். ஜேம்ஸின் முகம் ஆங்கிலேய உருவப்படத்தைப் பார்த்து வரைந்தது. அந்த நுட்பத்தை வைத்தே அவரைச் சூஃபிக்குக் கீழே நிறுத்திய துணிச்சல்தான் எனக்கு மிகவும் பிடித்தது!

நகலெடுக்கும் திறமையும் சாதாரணமானதல்ல. ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ கொண்டுவந்த ஓவியத்தை ஐந்து நகல்களோடு வைத்து ஜஹாங்கீர் காட்டியபோது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அசலைக் கண்டுபிடிக்க அவரே திணறினார்.

கொடுக்கல் வாங்கல் ஒருபக்கமாகவும் இல்லை. 1650-களில் ஆம்ஸ்டர்டாமில் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து வரையத் தொடங்கினார். அவர் அப்படி வரைந்தவற்றில் இருபதுக்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன.