எஃகை விட நூறு மடங்கு உறுதியான கார்பன் நானோகுழாயில் ஏன் இன்னும் விமானம் செய்யவில்லை? சூடு தாங்காதா?

அந்த நூறு மடங்கு பொய்யில்லைங்க. ஆனால் அது, கார்பன் அணுக்களாலான, கண்ணுக்கே தெரியாத மெல்லிய ஒற்றைக் குழாயைப் பிடித்து இழுத்த கணக்கு. 2000-இல் அப்படி இழுத்ததில் அதிகபட்சம் 63 ஜிகாபாஸ்கல் (குறிப்பிட்ட பரப்பில் எவ்வளவு விசை என்பதன் அலகு) வரை தாங்கியது. சாதாரண எஃகு அரை ஜிகாபாஸ்கலுக்கே கையை விரித்துவிடும். எடையும் அலுமினியத்தில் பாதிதான்.

எனக்குப் பல்லடம் பக்கம். அப்பா நூல்மில்லில் கார்டிங் ஃபிட்டர். கல்லூரிக் கடைசி வருஷம் எபாக்சி என்ற, வார்த்தால் இறுகும் பிசினில் எடைக்கு அரை சதவீதம் நானோகுழாய்த் தூள் கலந்தேன். அதற்கே பிசின் கருப்பட்டிப் பாகாட்டம் கெட்டியாகி, குச்சியிலிருந்து சொட்டவே யோசித்தது. வார்த்து இழுத்துப் பார்த்தால், தூள் கலக்காத எபாக்சிக்கு முன்னாடியே உடைந்தது! உடைந்த இடத்தின் மைக்ரோஸ்கோப் படத்தை அப்பா கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஏங்கண்ணு, இத்தன நெப்ஸ் கெடக்குது? கார்டிங் ஓட்டாமயே நூல் எடுத்தீங்களாக்கும்?"

அதேதான். பஞ்சு இழைகள் சிக்கிக் குட்டி முடிச்சாவதை மில்லில் நெப்ஸ் என்பார்கள். பஞ்சைச் சீவி அந்தச் சிக்கைப் பிரிப்பதுதான் கார்டிங். நானோகுழாய்களும் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டை கட்டும், உள்ளே பிசின் புகாது. பிரித்துவிட்டாலும் குழாயின் மேல்பக்கம் வழவழவென்று இருப்பதால் பிசினுக்குப் பிடி கிடைக்காமல் உருவிக்கொள்ளும். அமிலத்தில் போட்டுப் பிடி உண்டாக்கலாம்தான். அளவு மிஞ்சினால் குழாயின் சுவரே பொத்தலாகிவிடும்.

சூட்டு விஷயம் தனி. காற்றில்லாத இடத்தில் குழாய் 2000 டிகிரிக்கு மேலும் அசராது. காற்றுப் பட்டால் 500, 600-லேயே எரியத் தொடங்கும். அதுவரை போவதற்குக்கூட வழியில்லை, பெரும்பாலான எபாக்சி 200-ஐத் தொடுவதற்குள் இளகிவிடும். கூட்டாளி எவ்வளவு தாங்குகிறானோ அவ்வளவுதான்.

2011-இல் வியாழனுக்குக் கிளம்பிய ஜூனோ விண்கலத்தில் நானோகுழாய்த் தாள் போயிருக்கிறது, நிலைமின்சாரத்தைக் கடத்திவிடும் வேலைக்கு. பாரம் தாங்கும் வேலைக்கு இப்போது தூளை விட்டுவிட்டுக் குழாய்களை இழுத்து, முறுக்கி, நூலாக்குகிறார்கள். குட்டை இழைப் பஞ்சு முறுக்கேறி வலுவாவதுபோலத்தான். ஒற்றைக் குழாயின் பலத்தில் சிறு பங்குதான் நூலில் மிஞ்சுகிறது என்றாலும், 2017-இல் நாசா அந்த நூலைச் சுற்றிய வாயுக் கலனை ராக்கெட்டில் ஏற்றிப் பறக்கவிட்டது.

இதை அப்பாவிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, மில்லில் நூலின் சன்னத்தை விசாரிப்பதுபோலவே கேட்டார்: "எத்தனாம் நம்பர் நூலாமா?"