ஓடாத ரயிலுக்கும் வராத சப்வேக்கும் வீட்டு வரியா?

ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "எனக்கு 67 வயது. நானும் மனைவியும் ஓய்வு பெற்றுவிட்டோம், சின்னப் பென்சன்தான். பேஸ்மென்ட்டில் ஒரு பிள்ளை வாடகைக்கு இருக்கிறான். ஆர்.டி. ரயில் நின்றுபோய் இப்போது குளிரில் பஸ்ஸுக்கு நிற்கிறோம். சப்வே (நிலத்தடி ரயில்) எப்போது வரும் என்று தெரியாது. ஆனால் வீட்டு வரி பில்லில் 'சிற்றி பில்டிங் ஃபண்ட்' என்று தனியாகக் காசு எடுக்கிறார்கள். அதை மட்டும் கட்டாமல் விடலாமா? வீட்டு விலை விழுந்துவிட்டதே, அதைச் சொல்லி வரியைக் குறைக்க முடியுமா?"

ஐயா, முதல் கேள்விக்குப் பதில்: விட வேண்டாம். ரொறன்ரோவில் தவணை தவறிய முதல் நாளே 1.25 சதவீதம் தண்டம் விழும். பிறகு ஒவ்வொரு மாதம் முதலாம் திகதியும் அதே 1.25. வருடத்துக்கு 15 சதவீதம், பல வங்கிக் கடன்களை விட மோசம். நீங்கள் எந்தக் காரணத்துக்காகப் பிடித்து வைத்தீர்கள் என்று யாரும் பார்க்க மாட்டார்கள், கணக்கில் அது வெறும் நிலுவை. வீட்டு வரி நிலுவை வீட்டின் மீதே ஏறுகிறது.

உங்கள் கோபம் நியாயமானது. 1985இல் தொடங்கிய ஆர்.டி. பாதை 2023 யூலை 24ஆம் திகதி எல்ஸ்மியர் நிலையத்துக்குப் பக்கத்தில் கடைசிப் பெட்டி தண்டவாளத்தை விட்டு இறங்கிய பிறகு திரும்ப ஓடவே இல்லை. அதற்கு 10 வருடம் முன்பே, 2013இல், றொப் ஃபோர்ட் மேயராக இருந்தபோது, மாகாணம் முழுச் செலவையும் ஏற்கவிருந்த ஏழு நிலைய இலகு ரயிலை நகரசபை கைவிட்டுச் சப்வேயைத் தெரிவு செய்தது. அதற்காகவே, சிற்றி பில்டிங் ஃபண்ட்டுக்கு முன்பே, வீட்டு வரியில் ஒரு தனிக் கூட்டல் வந்தது: 2014இல் 0.5, 2015இல் 0.5, 2016இல் 0.6 சதவீதம். நகரத்தின் பங்கான 910 மில்லியன் டொலரில் பெரும் பகுதியை 30 வருடம் எடுத்து இப்படிச் சேர்ப்பது திட்டம். அப்போது பாலர் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இப்போது பல்கலைக்கழக வயதை நெருங்கிவிட்டார்கள். சப்வே இன்னும் மண்ணுக்குள் தோண்டப்படுகிறது.

ஆனால் அந்தத் தோண்டலுக்கு இன்று பணம் போடுவது உங்கள் வீட்டு வரி அல்ல. 2019இல் மாகாண அரசு ஸ்காபரோ நீட்டிப்பைத் தன் கைக்கு எடுத்தது. கென்னடியிலிருந்து ஷெப்பர்ட்–மக்கோவன் வரை 7.8 கிலோமீற்றர், மூன்று நிலையங்கள், அன்று சொன்ன செலவு சுமார் 5.5 பில்லியன் டொலர். மாகாணத்தோடு மத்திய அரசும் இதில் பங்கு போடுகிறது. நகரசபை தான் ஒதுக்கியிருந்த காசை, நகரப் போக்குவரத்தை நடத்தும் ரி.ரி.சி.யின் பழைய தண்டவாளம், சிக்னல், நிலையம் திருத்துகிற வேலைகளுக்குத் திருப்பலாம் என்பது அன்றைய ஒப்பந்தம். ஆர்.டி. தண்டவாளம் கிடந்த இடத்தில், கென்னடிக்கும் எல்ஸ்மியருக்கும் இடையே போடும் பஸ் பாதைதான் நகரத்தின் காசு. சப்வே தாமதம் என்று கேட்க வேண்டிய ஆள் மாகாணச் சட்டமன்ற உறுப்பினர். பஸ் பாதை தாமதம் என்றால் உங்கள் வட்டாரக் கவுன்சிலர். இதை மாற்றிக் கேட்டு அலைந்தவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

சரி, பில்லுக்கு வருவோம். உங்கள் வீட்டின் மதிப்பீடு 600,000 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025ஆம் ஆண்டுக் குடியிருப்பு வீதம் 0.754087 சதவீதம். மொத்தம் 4,524.52 டொலர். அதில் நகரத்துக்கு 3,555.92, பாடசாலைகளுக்கு 918, சிற்றி பில்டிங் ஃபண்ட் 50.60. உங்களை உறுத்துவது அந்த 50 டொலர். உண்மையில் அது அந்த ஒரு வருடத்துக் கூட்டல் மட்டுமே. 2017 முதல் 2019 வரை வருடம் 0.5 சதவீதமும், 2020 முதல் 2025 வரை வருடம் 1.5 சதவீதமுமாக இந்த நிதிக்கு ஏற்றிக்கொண்டே வந்தார்கள். முந்தைய வருடங்களின் கூட்டல் எல்லாம் பெயரில்லாமல் அந்த 3,555க்குள் போய்விட்டது. இப்படி எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு குடும்பம் இதற்காக இதுவரை என்ன கொடுத்திருக்கிறது என்பது பில்லைப் பார்த்தாலே விளங்க வேண்டும். இன்னொன்று, இந்த நிதி போக்குவரத்துக்கு மட்டும் அல்ல, வீடமைப்புக்கும்தான். நகரம் வாங்கும் கடனை அடைக்கவே இது போகிறது.

அப்புறம் நீங்கள் நிற்கிற பஸ். அதை ஓட்டுகிற செலவு முழுவதும் ரிக்கெற் காசில் வருவதில்லை. ரி.ரி.சி.யை நடத்த நகரம் வருடத்துக்கு ஒரு பில்லியன் டொலருக்கு மேல் கொடுக்கிறது. அதுவும் அந்த 3,555க்குள்தான் இருக்கிறது. வரியைக் குறை என்று மட்டும் கேட்டால் முதலில் கை வைக்கப்படுவது இரவு பஸ்ஸாகவும் இருக்கலாம். எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேளுங்கள்.

வீட்டு விலை விழுந்ததைச் சொல்லி வரி குறைக்க முடியாது. ஒன்ராறியோவில் எம்பாக் என்கிற சொத்து மதிப்பீட்டு நிறுவனம் போடும் மதிப்பீடு இன்னும் 2016 யனவரி 1ஆம் திகதி விலையில் நிற்கிறது. 2022இல் ஏறிய விலையும் அதற்குப் பிறகு இறங்கிய விலையும் உங்கள் பில்லுக்குள் வரவே இல்லை. ஆனால் அந்தப் பதிவில் பிழை இருந்தால் குறைக்கலாம். மதிப்பீட்டுக் கடிதத்தில் உள்ள ரோல் இலக்கத்தையும் நுழைவுக் குறியீட்டையும் வைத்து எம்பாக் இணையத்தளத்துக்குள் போய், வீட்டின் பரப்பு, காணி அளவு, குளியலறை எண்ணிக்கை எல்லாம் சரியா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதே வீதியில் அதே மாதிரி வீடுகளின் மதிப்பீட்டையும் பாருங்கள். ஒருவர் கோப்போடு என் மேசைக்கு வந்தார், வரி கூடுதல் என்று. பதிவைத் திறந்தால் கராஜ் இருக்கிறது. "கராஜ் எங்கே அண்ணா?" என்று கேட்டேன். இடித்து ஐந்து வருடமாம், யாருக்கும் அறிவிக்கவில்லை. மறுபரிசீலனை விண்ணப்பம் இலவசம். அந்த வரி ஆண்டின் மார்ச் 31க்குள் கொடுக்க வேண்டும். பதில் திருப்தி இல்லை என்றால் அதற்கு மேல் மதிப்பீட்டு மீளாய்வுச் சபைக்குப் போக 90 நாள் இருக்கிறது.

ஒருநாள் மறுமதிப்பீடு வரும். அப்போது வீட்டு விலை இரண்டு மடங்கு என்று பார்த்துப் பதற வேண்டாம். எல்லோருக்கும் ஒரே அளவு ஏறினால் நகரம் வீதத்தை இறக்கிவிடும். நகரச் சராசரியை விட உங்கள் வீடு கூட ஏறினால்தான் உங்கள் பங்கு கூடும். மக்கோவனில் நிலைய வாசலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு வைத்திருப்பவர்கள் இதை இப்போதே கணக்கில் வைத்திருப்பது நல்லது.

உங்கள் விஷயத்தில் கைக்கு உடனே காசு வரக்கூடிய இடம் வேறு. முதியோர் வீட்டு வரி மானியம் என்று மாகாணம் வருடத்துக்கு 500 டொலர் வரை தருகிறது. முந்தைய வருடக் கடைசியில் 64 வயதோ அதற்கு மேலோ ஆன வீட்டு உரிமையாளருக்கு உரியது, தம்பதிக்கு ஒன்றுதான். இருவர் வருமானமும் சேர்ந்து 45,000க்குள் என்றால் முழுத் தொகை, 60,000ஐத் தொட்டால் ஒன்றும் இல்லை. வருமான வரிக் கோப்போடு ஓ.என்.-பென் என்கிற ஒன்ராறியோ சலுகைப் படிவம் நிரப்பினால் போதும். அதே படிவத்தில் எரிசக்தி, வீட்டு வரிச் சலுகைக்கும் கேளுங்கள். கோப்பு செய்கிறவர் "வருமானம் குறைவு, ஒன்றும் வராது" என்று அந்தப் படிவத்தைத் தள்ளிவிடாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

நகரத்திடமும் ஒரு திட்டம் இருக்கிறது. வருமானம் குறைந்த முதியோருக்கு அந்த வருடம் கூடிய வரியை ஒத்திவைக்கலாம், தகுதி இருந்தால் இரத்தும் செய்யலாம். ஒவ்வொரு வருடமும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். போன வருடம் கிடைத்தது என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

பேஸ்மென்ட் வாடகையை வருமானமாகக் காட்டுகிறீர்கள்தானே? அப்படியானால் வீட்டு வரியில் அந்தப் பகுதிக்கு உரிய பங்கை வாடகைச் செலவாகக் கழிக்கலாம். வீட்டில் மூன்றில் ஒரு பங்கு வாடகைக்கு என்றால், மேலே சொன்ன கணக்கில் சுமார் 1,500 டொலர். வாடகைக்கு இருக்கிற பிள்ளைக்கும் ஓ.என்.-பென் படிவத்தில் தான் கட்டிய வாடகையைக் காட்ட உரிமை உண்டு. அவன் கேட்டால் ரசீது கொடுங்கள்.

யனவரியில் நகரத்தின் பட்ஜெட் குழு மக்களைக் கேட்கிறது, பெயர் பதிந்தால் சில நிமிடம் பேசலாம். போகும்போது பில்லைக் கையில் கொண்டு போங்கள். "இந்த நிதிக்கு 2017 முதல் என் வீட்டிலிருந்து மொத்தம் எவ்வளவு எடுத்தீர்கள், அதில் ஸ்காபரோ பஸ் பாதைக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். ஆங்கிலம் தடங்கலாக இருந்தால் எழுதிக் கொடுக்கலாம்.