கணவர் விசாவில் இருந்துகொண்டே துபாயில் ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஆகலாமா?

கேள்வி: திருநெல்வேலியில் பி.காம் முடித்து, சென்னையில் ஒரு தனியார் வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் வேலை பார்த்தேன். திருமணமாகி இப்போது ஷார்ஜாவில் கணவரின் விசாவில் இருக்கிறேன். மகள் பள்ளி செல்லத் தொடங்கிவிட்டாள். துபாயில் ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஆக ஆசை. ஒரு நிறுவனம் வேலை தருவதாகச் சொல்கிறது. ஆனால் சம்பளம் இல்லை, கமிஷன் மட்டும்தான் என்கிறார்கள். விசா, பயிற்சிக்கு என்று பணமும் கேட்கிறார்கள். சேரலாமா?

பதில்: துறையில் தாராளமாக இறங்குங்கள், சகோதரி. இந்த நிறுவனத்தில் இந்த நிபந்தனைகளோடு சேர வேண்டாம்.

முதலில் விசா. நீங்கள் கணவர் விசாவை விட்டு வர வேண்டிய அவசியமே இல்லை. மொஹ்ரே என்று எல்லோரும் சொல்லும் மனிதவள அமைச்சகத்திடம் நிறுவனம் உங்களுக்கு ஒரு வேலை அனுமதி வாங்கினால் போதும். வேலையை விட்டாலும் அந்த அனுமதி மட்டும்தான் ரத்தாகும். நாட்டில் தங்கும் உரிமை கணவர் விசாவிலேயே நிற்கும். விசாவுக்காகவே ஒரு நிறுவனத்தோடு கட்டுண்டு கிடப்பவர்களுக்கு இல்லாத சுதந்திரம் இது. அப்படியிருக்க, உங்களிடம் ஏன் விசா பணம் கேட்கிறார்கள் என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத்தின்படி, வேலைக்கு எடுப்பதற்கான செலவைத் தொழிலாளியிடம் நேரடியாகவோ சுற்றி வளைத்தோ வாங்கக் கூடாது. இதை அவர்களிடம் பணிவாக, ஆனால் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது உரிமம். துபாயில் தனி ஆளாக வீட்டுத் தரகு செய்ய முடியாது. துபாய் நிலத்துறையின் கீழ் 2007-இல் உருவான ரேரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவான ஒரு நிறுவனத்தின் பெயரில்தான் உங்களுக்கு புரோக்கர் கார்டு வரும். காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழ், துபாய் ரியல் எஸ்டேட் இன்ஸ்டிடியூட்டின் பயிற்சி, அதன்பின் ரேரா தேர்வு என்று போகும். கார்டை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வங்கியில் கடன் கோப்புகளைப் பார்த்த உங்களுக்குத் தேர்வு பெரிய தடையாக இருக்காது. கார்டு கையில் வரும் முன் வாடிக்கையாளருக்கு வீடு காட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

இனி பணம். இதைத்தான் யாரும் புதியவர்களிடம் விளக்கமாகச் சொல்வதில்லை. வீடு விற்றால் வழக்கமான கமிஷன் விலையில் 2 சதவீதம்; வாடகைக்கு விட்டால் ஆண்டு வாடகையில் 5 சதவீதம். இரண்டுக்கும் மேலே 5 சதவீத வாட் வரி உண்டு, அது அரசுக்குப் போவது. ஆண்டுக்கு 60,000 திர்ஹம் வாடகை வீடு ஒன்றை முடித்தால் கமிஷன் 3,000. நிறுவனத்தோடு பாதிக்குப் பாதி ஒப்பந்தம் என்றால் உங்கள் கைக்கு 1,500. 12 லட்சம் திர்ஹம் வீடு விற்றால் 24,000. அதில் பாதி 12,000. பெரிய தொகைதான். ஆனால் விற்பனை ஒன்று முடிவதற்குள் உரிமையாளர் மனம் மாறுவார், வாங்குபவருக்கு வங்கிக் கடன் இழுக்கும், பில்டரிடமிருந்து தடையில்லாச் சான்று தாமதமாகும். கட்டி முடிக்காத திட்டங்களில் பில்டரே கமிஷன் தருவார். வாங்கியவர் முன்பணம் கட்டி, பதிவு முடிந்து, பில்டர் பணத்தை விடுவிக்க மாதங்கள் ஆகலாம். அதனால் குறைந்தது ஆறு மாத வீட்டுச் செலவைக் கணவரின் சம்பளமே தாங்கும் என்றால் மட்டும் கமிஷன் வேலைக்கு ஒப்புக்கொள்ளுங்கள். இதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பேச வேண்டும். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்ட குடும்பங்களில் மூன்றாம் மாதமே மனக்கசப்பு வந்துவிடுகிறது.

தொடக்கத்தில் வாடகையையும் விற்பனையையும் சேர்த்துப் பார்க்கும் நிறுவனமாகத் தேடுங்கள். வாடகையில் காசு சிறிது, ஆனால் சீக்கிரம் வரும். கட்டடங்களும் காவலாளிகளும் உரிமையாளர்களும் பழக்கமாவதும் அதில்தான். இன்று வாடகைக்கு வீடு கேட்டு வரும் குடும்பம்தான் சில ஆண்டுகளில் சொந்த வீடு கேட்டு உங்களையே தேடி வரும்.

ஷார்ஜாவில் இருந்து துபாய் மரீனா வரை தினமும் போய் வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நெரிசலில் உங்கள் நாளும் மகளின் பள்ளி நேரமும் கரைந்துவிடும். இன்டர்நேஷனல் சிட்டி அல்லது சிலிக்கான் ஓயாசிஸ், இரண்டில் ஒன்றை உங்கள் வேலைப் பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வெளிநாட்டினர் சொந்தமாக வீடு வாங்கலாம், வாடகைச் சந்தையும் உயிரோட்டமாக இருக்கிறது, நம் நாட்டுக் குடும்பங்களும் நிறைய. இன்டர்நேஷனல் சிட்டியில் சீனா, இங்கிலாந்து, பாரசீகம் என்று நாடுகளின் பெயரில் தொகுதிகள் இருக்கின்றன. எந்தத் தொகுதியில் பார்க்கிங் கஷ்டம், எங்கே பராமரிப்பு நன்றாக இருக்கிறது, ஒரு ஸ்டூடியோ கடைசியாக என்ன விலைக்குப் பதிவானது என்று நடந்து நடந்து தெரிந்துகொள்ளுங்கள். விலைப் பதிவுகளை நிலத்துறையின் துபாய் ரெஸ்ட் செயலியிலேயே பார்க்கலாம். துபாய் முழுவதும் ஓரளவு தெரிந்தவரைவிட நூறு கட்டடங்களை உள்ளங்கை போல அறிந்தவரையே உரிமையாளர்கள் நம்புவார்கள்.

ஆனால் அங்கெல்லாம் இன்னும் மெட்ரோ இல்லை. புளூ லைன் 2029-இல்தான் திறக்கத் திட்டம். எனவே ஓட்டுநர் உரிமம் முக்கியம். இந்திய உரிமத்தைக் காட்டி அப்படியே மாற்றிக்கொள்ள முடியாது, இங்கே தேர்வு எழுதி, ஓட்டிக் காட்ட வேண்டும். அதை இப்போதே தொடங்கிவிடுங்கள், வேலை கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வேலையில் சேர்ந்ததும் படிவங்களை மனப்பாடமாக்கிக்கொள்ளுங்கள். உரிமையாளர் உங்களுக்கு விற்பனைப் பொறுப்பைத் தருவது ஃபார்ம் ஏ. வாங்குபவரோடு நீங்கள் போடுவது ஃபார்ம் பி. வாங்குபவரும் விற்பவரும் கையெழுத்திடுவது ஃபார்ம் எஃப். ஃபார்ம் ஏ இருந்தால்தான் விளம்பர அனுமதியான டிரகீசி கிடைக்கும். அது இல்லாமல் ஒரு வீட்டின் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டாலும் அபராதத்துக்கு வழி. 'எல்லோரும் போடுகிறார்களே' என்று மேலாளர் சொன்னாலும் போடாதீர்கள்.

உங்களுக்கு முதலில் கிடைக்கப்போகும் வாடிக்கையாளர்கள் அநேகமாக நம் ஊர்க்காரர்கள்தான். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கேட்பார்கள். இங்கே உங்கள் வங்கி அனுபவம் பொன். இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரைதான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வங்கி வழியாக, கணக்கில் வந்து போகும் பணமாக இருக்க வேண்டும். கிரெடிட் கார்டில் தேய்த்து முன்பணம் கட்டலாம் என்று ஆசை காட்டும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். வீடு வாங்கியவருக்குப் பின்னால் அமலாக்கத் துறை கடிதம் வந்தால் அந்த ஏஜென்ட் தொலைபேசியை எடுக்க மாட்டார். ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புங்கள். விலையோடு 4 சதவீத நிலத்துறைப் பதிவுக் கட்டணம், உங்கள் கமிஷன், ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணம் எல்லாவற்றையும் முதல் சந்திப்பிலேயே ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். இன்னும் கட்டி முடிக்காத திட்டம் என்றால், பணம் அந்தத் திட்டத்துக்கென்றே தனியாக வைக்கப்படும் எஸ்க்ரோ வங்கிக் கணக்கில்தான் போகிறதா என்று பார்த்த பிறகே வாங்கச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டின் 8-ஆம் எண் சட்டம் அதற்காகவே வந்தது.

இனி உங்களை அழைத்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ரேரா பதிவு எண் என்ன, வேலை அனுமதிக்கும் பயிற்சிக்கும் கார்டுக்கும் பணம் கட்டுவது யார், கமிஷனில் என் பங்கு எவ்வளவு, பணம் வந்த எத்தனை நாளில் தருவீர்கள், நான் விலகிய பிறகு முடியும் விற்பனைக்கு எனக்குப் பங்கு உண்டா, வேறு நிறுவனத்துக்குப் போகத் தடை விதிக்கும் ஷரத்து இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்; அத்தகைய தடையைச் சட்டம் இரண்டு ஆண்டு வரை அனுமதிக்கிறது. எழுத்தில் பதில் தராமல் 'நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்' என்றால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள். அதற்குள் டிரைவிங் பள்ளியில் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள்.