ஏர் ராட்செட்ல எது வாங்கலாம்?

கேள்வி: கார் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேன் சார், ஏர் ராட்செட் (காத்தழுத்தத்துல போல்டைத் திருப்புற டூல்) வாங்கணும். சாதா மாடலா, இம்பாக்ட் மாடலா?

பதில்: தினமும் வேலைன்னா இம்பாக்ட் மாடலே வாங்குங்க. சாதா மாடல்ல போல்ட் டைட் ஆனதும் சாக்கெட் (போல்ட் தலையில மாட்டுற கப்) நின்னுடும் ஆனா மோட்டார் நிக்காது, அந்த வேகத்துல கைப்பிடியே திரும்பி விரலை பக்கத்துல இருக்கிற பிராக்கெட்ல வெச்சு நசுக்கிடும், இம்பாக்ட்ல உள்ள இருக்கிற சுத்தியல் தட்டித் தட்டி திருப்புறதால அந்த உதறல் ரொம்பக் கம்மி. ஆனா தலை பெரும்பாலும் பெருசு, இடுக்குல நுழையாது. அதனால சின்ன போல்டுங்களுக்கு 1/4 இஞ்ச் (சாக்கெட் மாட்டுற சதுர முனையோட அளவு) சாதா மாடல் ஒண்ணு தனியா வெச்சுக்கோங்க, மத்ததுக்கு 3/8 இஞ்ச் இம்பாக்ட் போதும். டூல் ஓடும்போதே 90 பிஎஸ்ஐ காத்தழுத்தம் வரணும், தினமும் ஏர் டூல் ஆயில் சில சொட்டு விடுங்க. கடைசி டைட் மட்டும் டார்க் ரெஞ்ச்லதான் (எவ்வளவு இறுக்கம்னு அளந்து காட்டுற ஸ்பேனர்) வைக்கணும், ப்ளீஸ்.