1,40,000 கி.மீ. ஓடிய டஸ்டருக்கு ரூ.82,400 சர்வீஸ்: எதைச் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது?

கேள்வி: என்னிடம் 2014 மாடல் ரெனால்ட் டஸ்டர் டீசல் கார் இருக்கிறது. 2019-ல் 68,000 கி.மீ. ஓடிய நிலையில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். இப்போது 1,40,000 தாண்டிவிட்டது. பெரிய சர்வீஸ் செய்ய வேண்டும் என்று சர்வீஸ் சென்டரில் ரூ.82,400-க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். கிரெடிட் கார்டில் இ.எம்.ஐ. போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். எங்கள் மெக்கானிக்கோ, "டைமிங் பெல்ட் நல்லாத்தான் இருக்கு, இன்னும் 20,000 ஓட்டலாம்" என்கிறார். சம்பளம் மாதம் ரூ.58,000. அவசரத்துக்கென்று ரூ.1,50,000 எஃப்.டி. வைத்திருக்கிறேன், அதை உடைக்க மனமில்லை. என்ன செய்யலாம்? பேசாமல் வண்டியை விற்றுவிடலாமா? – திண்டுக்கல் வாசகர்

பதில்: எஸ்டிமேட்டின் நகலையும் அனுப்பியிருந்தது நல்லதாயிற்று. மொத்தத் தொகையைப் பார்த்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். வரிவரியாகப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு.

முதலில் பெல்ட். இதில் மட்டும் உங்கள் மெக்கானிக் சொல்வதைக் கேட்காதீர்கள். வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று இடிக்காமல் ஒரே தாளத்தில் இயங்க வைப்பது இந்த டைமிங் பெல்ட்தான். டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் இன்ஜினில் இருப்பது செயின் அல்ல, ரப்பர் பெல்ட். கிலோமீட்டர் கணக்கு, வருடக் கணக்கு இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும், உள்ளே இருக்கும் இழை நைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஓடும்போது அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் போய் இடிக்கும். அப்புறம் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிச் செய்கிற வேலை, லட்சத்தைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை. இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்றும் நினைக்க வேண்டாம். விபத்தில்லாமல் இயந்திரக் கோளாறால் வரும் சேதத்துக்கு சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் பணம் கிடைக்காது.

முந்தைய உரிமையாளர் பெல்ட் மாற்றியதற்கு உங்களிடம் பில் இல்லை. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப், ஃபேன் பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து ரூ.24,600 போட்டிருக்கிறார்கள். இதில் வாட்டர் பம்ப்பை வேண்டாம் என்று சொல்லி மிச்சம் பிடிக்கத் தோன்றும், செய்யாதீர்கள். இந்த இன்ஜினில் பம்ப்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான். ஆறு மாதம் கழித்து பம்ப் ஒழுகினால் இதே கூலியை மறுபடியும் கொடுக்க வேண்டும்.

அடுத்தது ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில்: ரூ.11,900. இதையும் அப்படியே செய்துவிடுங்கள். சிறுமலை, கொடைக்கானல் என்று அடிக்கடி போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பழைய ஆயிலோடு மலை இறங்கும்போது சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, பெடலை மிதித்தால் கால் உள்ளே போகும், வண்டி நிற்காது. சில நூறு ரூபாய் பொருளில் கணக்குப் பார்க்கக் கூடாது.

முன்பக்க பிரேக் பேட், டிஸ்க் இரண்டுக்கும் சேர்த்து ரூ.9,200. பேட் தேய்ந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும், அது ரூ.3,600. டிஸ்க்கை மட்டும் அளந்து காட்டச் சொல்லுங்கள். குறைந்தபட்ச கனம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று டிஸ்க்கின் ஓரத்திலேயே பொறித்திருப்பார்கள். அதைவிடக் கனமாக இருந்து, விரிசலோ நெளிசலோ இல்லையென்றால் ரூ.5,600 மிச்சம்.

கிளட்ச் செட் ரூ.21,500. இதற்கு இத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்ற அட்டவணையே கிடையாது, தேய்ந்தால்தான் மாற்ற வேண்டும். மதுரை நான்குவழிச் சாலையில் ஏதாவது ஒரு பாலம் ஏறும்போது, நான்காவது கியரில் 50 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்திப் பாருங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது, மாற்றுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் இப்போதைக்கு விட்டுவிடலாம். பெல்ட் மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் போகிற பொருள் இல்லை இது, பெரும்பாலும் முன்கூட்டியே அறிகுறி காட்டும்.

இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பனைசிங் (இன்ஜினுக்குள் படிந்த கரியை நீக்குவது) ரூ.7,800. ஸ்டார்ட்டிங் பிரச்சினை, கரும்புகை, மைலேஜ் குறைவு எதுவும் இல்லை என்கிறீர்கள், பிறகெதற்கு? ஏசி கிருமிநாசினி, இன்டீரியர் கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங், இன்ஜின் பாலிஷ் ரூ.7,400. இவையெல்லாம் விருப்பத்துக்குச் செய்கிற வேலைகள். தைரியமாக வேண்டாம் என்று சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள்: 24,600 + 11,900 + 3,600 = ரூ.40,100. கடை மாறாமலே பாதிக்கும் கீழே வந்துவிட்டோம்.

இன்னும் குறைக்க வேண்டுமானால் கூலியில்தான் வழி இருக்கிறது. பெல்ட் வேலையை வெளி மெக்கானிக்கிடம் கொடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு. இந்த இன்ஜினில் பெல்ட் இணைக்கிற இரண்டு தண்டுகளான கிராங்க்கையும் கேம்ஷாஃப்டையும் அசையாதபடி பின் போட்டு லாக் செய்துவிட்டுத்தான் பெல்ட்டை மாட்ட வேண்டும். அந்த லாக்கிங் டூல் அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். "மார்க்கர்ல கோடு போட்டு மாத்திடலாம் சார்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். உதிரிபாகங்களை நீங்களே கம்பெனி பார்ட்ஸ் டீலரிடமோ, கேட்ஸ், கான்டிடெக் போன்ற பிராண்டுகளின் அங்கீகரிக்கப்பட்ட கடையிலோ பில்லோடு வாங்கிக்கொடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். எஸ்டிமேட்டில் எங்காவது பழைய 28 சதவீதம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சரி, பணத்துக்கு என்ன வழி? கிரெடிட் கார்டு வேண்டாம். இ.எம்.ஐ.யில் பிராசஸிங் கட்டணம், வட்டி, அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. என்று ஏறிக்கொண்டே போகும். இ.எம்.ஐ.யாக மாற்றாமல் பாக்கி வைத்தாலோ பல கார்டுகளில் மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல் வட்டி. எஃப்.டி.யை உடைக்கவும் வேண்டாம். அதே வங்கியில் எஃப்.டி. மீது ஓவர்டிராஃப்ட், அதாவது எஃப்.டி.யை ஈடாக வைத்து எடுக்கும் கடன், கேளுங்கள். பொதுவாக எஃப்.டி. வட்டியைவிட 1 சதவீதம் போலத்தான் அதிகம் இருக்கும். ரூ.40,000-க்கு ஒரு வருடம் முழுக்க வைத்திருந்தாலும் அந்த வித்தியாசம் சுமார் ரூ.400. மாதம் ரூ.5,000 வீதம் கட்டினால் எட்டு, ஒன்பது மாதத்தில் முடிந்துவிடும்.

முடிந்த மறுமாதமே அதில் பாதியை, ரூ.2,500-ஐ, காருக்கென்று ஓர் ஆர்.டி.யில் போடத் தொடங்குங்கள். ஒன்பது மாதத்தில் ரூ.22,500 சேர்ந்திருக்கும், கிளட்ச்சுக்கு அது போதும். கிளட்ச் அதற்குப் பிறகும் தாக்குப்பிடித்தால் டயருக்கும் பேட்டரிக்கும் ஆகும். இந்த வயது வண்டி வருடத்துக்கு ரூ.30,000 கேட்கும் என்று இப்போதே பட்ஜெட்டில் எழுதிவிட்டால், அடுத்த எஸ்டிமேட்டைப் பார்த்து நெஞ்சு படபடக்காது.

விற்பதைப் பற்றிக் கேட்டீர்கள். புது காருக்கு ரூ.8 லட்சம் கடன் வாங்கினால், 9 சதவீத வட்டியில் ஏழு வருடத்துக்கு மாதம் சுமார் ரூ.12,870 கட்ட வேண்டும். இந்த சர்வீஸ் செலவு அதில் மூன்று மாதத் தவணை. உங்கள் ஆர்.சி. 2029 வரை செல்லும். பாடியில் துரு இல்லை, இன்ஜின் ஆயில் குடிக்கவில்லை என்றால் அதுவரை ஓட்டுங்கள் என்பதே என் யோசனை. நடுவில் விற்க நேர்ந்தாலும், வாங்க வருகிறவர் முதலில் கேட்கப்போவது பெல்ட் மாற்றிய பில்லைத்தான். தேதியும் கிலோமீட்டரும் போட்டு வாங்கி, ஆர்.சி.யோடு பத்திரப்படுத்துங்கள். கழற்றிய பழைய பெல்ட்டையும் பம்ப்பையும் டிக்கியில் போடச் சொல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள், உண்மையிலேயே மாற்றினார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.